தாரகனுக்கு இன்னுமொரு வருடம்

தமிழ் மாணவர் உதைபந்தாட்டக் கிண்ணத்தில் விளையாட இரண்டு தகுதிகள் வேண்டும். டென்மார்க்கில் ஏதாவதொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் விளையாடியிருக்கக் கூடாது. என் கணவர் தாரகனுக்கு வயது முப்பத்தொன்று. இந்த விதிகள் எதுவும் அவரிடம் பலிக்கவில்லை.

முதல் ஐந்து வருடம் ஒழுங்காகத்தான் முடிந்தது. பிறகு கொரோனா வந்தது, கிண்ணம் நடக்கவில்லை, அதற்கு ஈடாக ஒரு வருடம் கொடுத்தார்கள். அடுத்து முழங்காலில் அடிபட்டது, அதற்கொரு வருடம். பிறகு எங்கள் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அந்த முறை விளையாட முடியாமல் போய்விட்டதாம், அதைச் சொல்லியும் ஒன்று கேட்டு வாங்கினார். எனக்குத் தாலி கட்டியதை முழங்கால் அடியோடு சேர்த்துக் கணக்கு வைத்த மனிதரோடுதான் நான் சில்க்போர்க்கில் குடும்பம் நடத்துகிறேன்.

படிப்பும் அப்படித்தான். முதலில் கட்டடத்துறை, பிறகு கணினி, இப்போது மூன்றாவதாக ஒன்று. என்ன படிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார். பின்னேரங்களில் ஒரு களஞ்சியத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் பந்து.

எனக்கு வீடு மாறிப் போக வேண்டிய தூரத்தில், தலைநகரை ஒட்டிய ஹ்விடோவ்ரேயில் ஒரு வைத்தியசாலையில் பொறுப்புத் தாதியாக வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். முன்பும் இதே மாதிரி ஒரு வேலை வந்தது. "இந்தக் கிண்ணம் முடியட்டும்" என்றார், நானும் விசரி மாதிரி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறை நான் பிடித்த பிடியை விடவில்லை. "இன்னுமொரு வருசம் ஒருக்காக் கேட்டுப் பாக்கிறன் சாரங்கி. தரமாட்டம் எண்டால் உம்மோட வாறன்" என்று வாக்குக் கொடுத்தார். தரமாட்டார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கத்தான் சனிக்கிழமை கோல்டிங்குக்கு அவரோடு நானும் போனேன்.

கிண்ணத்தை நடத்துகிறவர்களின் கூட்டம் அங்கே வாடகை மண்டபம் ஒன்றில் நடந்தது. ஆறு ஊர் அணித்தலைவர்களும் வட்டமாக இருந்தார்கள், எல்லோருக்கும் தாரகனை விடப் பத்து வயது குறைவு. தலைவர் குருசுமுத்து அண்ணை நல்ல மனிதர். ஒருவருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத நல்ல மனிதர்.

"தம்பியவை, தாரகன் இன்னுமொரு வருசம் கேக்கிறார்" என்றார். "ஓம் எண்டிறவை கையைத் தூக்குங்கோ."

ஐந்து பேர் கையைத் தூக்கினார்கள். கோல்டிங் அணித்தலைவன் டெனிஸ்ரன் இரண்டு கையையும் தூக்கினான். தூக்காதவன் ஒரே ஒருவன், எங்கள் சில்க்போர்க் அணித்தலைவன் சுபாங்கன். அவன் குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாரகன் எழுந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

குசினி ஜன்னல் திறந்திருந்தது. வெளியே டெனிஸ்ரன் இன்னொருவனோடு டேனிஷில் கதைத்துக்கொண்டிருந்தான். கிழவனைப் போக விடக்கூடாது, அவர் நிற்கும் பக்கத்தால் போனால் நேரே கோல்தான், அவர் இருக்கும் வரைக்கும் சில்க்போர்க்குக்குக் கிண்ணம் இல்லை என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

திரும்பினால் வாசலில் சுபாங்கன். அவனுக்கும் கேட்டிருந்தது.

"அக்கா, எனக்கு அண்ணையில கோவமில்லை" என்றான். "எல்லாரும் அவரை வச்சுச் சிரிக்கிறாங்கள். எனக்கு அதைப் பாக்க ஏலாமல் இருக்கு. அதுதான் கையைத் தூக்கேல்ல."

கையிலிருந்த கோப்பையை ஜன்னலால் எறியலாம் போல இருந்தது. தாரகனை ஏச எனக்கு உரிமை இருக்கிறது. நான் அவரைக் கட்டியவள், கஷ்டப்பட்டுச் சம்பாதித்த உரிமை அது. டெனிஸ்ரன் யார்? ஒரு நிமிடம், அடுத்த வருடமும் இவர் விளையாடி இவன்களை வெல்ல வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகு அவர் போன முறை ஓடிய ஓட்டம் ஞாபகம் வந்தது.

காரில் அவருக்கு வாய் ஓயவில்லை.

"பாத்தீரே? மற்ற ஊர்ப் பெடியள் எல்லாம் என்னை மதிக்கிறாங்கள். எங்கட சுபாங்கன்தான் நன்றி கெட்டவன். எரிச்சல், வேறென்ன."

பொறுக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

"அவனைப் பற்றி அப்பிடிக் கதையாதேங்கோ" என்றேன். "அவன் ஒருத்தன்தான் உங்களை மதிக்கிறவன். உங்களோட ஒரே அணியில விளையாடித் தோக்கிறவன் அவன். வெல்லுறவங்கள்தானேப்பா கையைத் தூக்கினவங்கள். ஏனெண்டு யோசிச்சுப் பாத்தனீங்களே?"

குசினியில் கேட்டதை ஒன்றும் விடாமல் சொன்னேன். கிழவன் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

வைல பாலம் வந்தது, போனது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். எனக்குப் பாவமாக இருந்தது, சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று நினைத்தேன்.

"போன வருசம் நாலு கோலும் என்ர பக்கத்தாலதான் போனது" என்றார் கடைசியில்.

"காத்து எண்டு சொன்னியள்."

"காத்து அண்டைக்கு மற்றப் பக்கம்தான் அடிச்சது."

கொஞ்சத் தூரம் போன பிறகு, "குருசுமுத்து அண்ணைக்கு நான் வேண்டாமெண்டு சொல்லுறன்" என்றார். "நீர் வேலைக்கு ஓமெண்டு எழுதும். இப்பவே எழுதும்."

போனை எடுத்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் மூன்று பிழை விட்டேன். எழுதி அனுப்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமும் ஏசியதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்காகத்தான். வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சாரங்கி."

"ம்."

"ஹ்விடோவ்ரே பக்கத்தில ஒரு கழகத்தில ஓல்ட் போய்ஸ் அணி ஒண்டு இருக்காம். வயசானவைக்கு மட்டும். மெதுவாத்தான் ஓடுவினமாம்."

"நல்லது. அதில சேருங்கோ" என்றேன். உண்மையாகவே மனது இளகித்தான் சொன்னேன்.

"அதில ஒரு சிக்கல். முப்பத்திரண்டு முடிஞ்சிருக்க வேணுமாம். எனக்கு இன்னும் ஒரு வருசம் கிடக்கு." பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வருசம் முன்னமே சேத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதினால் விடுவினமோ?"