மூன்றாவது தரையிறக்கம்

என் விமானம் ஆளைக் கொல்கிறது என்று இருநூறு பேர் எழுதியிருந்தார்கள். கொல்லத்தான் செய்யும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பெரிய இன்ஜின் வைத்து வந்த ஸ்பிட்பயர் போர் விமானம் அது. வேகம் குறைந்து தரையை நெருங்கும்போது, இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளினால், காற்றாடி சுழலும் வேகத்துக்கு விமானமே எதிர்ப்பக்கம் புரண்டுவிடும். அந்தக் கால விமானிகளின் கையேட்டை வரிவரியாகப் படித்து, அந்தக் குணத்தைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் அப்படியே கொண்டுவந்திருந்தேன். எழுதியவர்கள், வெளியீட்டுக்கு முன் அதைச் சோதித்துப் பார்த்த ஆட்டக்காரர்கள். நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் அலுவலகம்.

கோயம்புத்தூரில் இருக்கும் குழுத் தலைவர் கைலாசம் சத்தம் போடாத மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ஞாயித்துக்கெழமை வெளையாட உக்கார்றவனுக்கு எதுக்குங்க பிரவீனா இத்தன செரமம்? பொரள்றதக் கொஞ்சம் கொறச்சுப்போடலாம்" என்றார்.

"ஓட்டத் தெரிஞ்சா எறக்கலாமுங்க. நானே எறக்கிக் காட்டறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இன்று மூன்று மணிக்குக் குழு முழுவதும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, பக்கக் காற்றில் மூன்று முறை இறக்க வேண்டும். இறக்கினால் விமானம் அப்படியே வெளியாகும். ஒரு முறை தவறினாலும் ஐந்து மணிக்குள் அதைச் சாதுவாக்கி வெளியிட்டுவிடுவார்கள்.

நான் விமானத்தின் குணத்தை எண்களாக எழுதுகிறவள், ஓட்டுகிறவள் அல்ல. மேசையில் த்ராட்டிலும் காலடியில் பெடல்களும் பொருத்திப் பத்து நாள் பழகியும் மூன்றுக்கு ஒன்றுதான் இறங்கியது. இன்று காலை அந்த எண்கள் இருக்கும் கோப்பைத் திறந்து, புரளும் விசைக்கான எண்ணில் கால்பங்கைக் குறைத்தேன். வெளியாவதற்குள் பழையபடி மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாருக்கும் தெரியாது.

முதல் தரையிறக்கம் சுத்தமாக அமைந்தது. இரண்டாவதில் விமானம் இரண்டு முறை குதித்து, ஓடுபாதையின் விளிம்பில் போய் நின்றது. என் கணவர் தனபால் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போர்வெல் ரிக் வண்டி ரிப்பேரில் நின்றதால் ஒரு வாரமாக வீட்டில்தான் இருக்கிறார்; பொழுது போகாமல் என் விமானத்தையும் ஓட்டிப் பார்ப்பார்.

மூன்றாவதில் காற்று ஓங்கி அடித்தது. ஓடுபாதை மூக்குக்கு அடியிலிருந்து நழுவியது. வேகம் குறைந்து விமானம் உதறத் தொடங்கியது. இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏற வேண்டும், த்ராட்டிலை மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மரவள்ளிக்கிழங்கு லோடோடு எங்கள் தோட்டத்து ஈரமண்ணில் புதையும் பிக்கப் வண்டியை ஒரே மிதியில் வெளியே எடுத்துப் பழகியவள் நான். பதற்றத்தில் கை அதையே செய்தது. முழுக்கத் தள்ளிவிட்டேன்.

வலது இறக்கை சாய்ந்தது. சாய்வு பாதியில் நின்றது. பிறகு நிமிர்ந்து, மேலேறி, சுற்றி வந்து இறங்கியும் விட்டது.

ஹெட்போனில் கைதட்டல். "அட, எறக்கிப்போட்டீங்களே! சரிங்க, உங்க விமானம் அப்படியே இருக்கட்டும்" என்றார் கைலாசம்.

மைக்கை அணைத்தேன்.

"ஏம்புள்ள, நானும் இதே எடத்துல இப்படித்தான தள்ளுனேன்?" என்றார் தனபால். "நேத்து என்னையத் தலகீழாக் கவுத்துப்போட்டுது. உன்னைய மட்டும் எப்புடி உட்டுச்சு?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. சுலபமாக்கச் சொன்ன அந்த இருநூறு பேரை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! அவர்களாவது வெளிப்படையாகக் கேட்டார்கள். வெட்கத்தில் காது சுட்டது.

மைக்கைத் திறந்து சொல்லிவிட்டேன். "காத்தாலதான் அந்த நம்பரக் கொறச்சனுங்க. இப்பப் பழையபடி வெச்சு மறுக்கா எறக்கறேன். ஒரே ஒரு தடவ."

"எறக்குங்க" என்றார் கைலாசம்.

எண்ணை அவர்கள் கண்முன்னே மாற்றினேன். அதே காற்று. மறுபடியும் ஓடுபாதை நழுவியது, விமானம் உதறியது. தள்ளு தள்ளு என்று கை துடித்தது. நான்கு விரலால் த்ராட்டிலைப் பிடித்து நிறுத்தி, கட்டைவிரலால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். வலது இறக்கை இறங்கியது. இடது பெடலை முழுக்க அழுத்தினேன். எதிரே மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. தனபால் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். மர உச்சியைத் தொடாத குறையாக விமானம் ஏறியது. சுற்றி வந்தேன். முன்சக்கரங்கள் தொட்டன. வால்சக்கரமும் அமர்ந்தது.

இந்த முறை கைதட்டல் இல்லை.

"விமானத்துல ஒண்ணும் மாத்த வேண்டாமுங்க" என்றார் கைலாசம். "ஆனா இனி அந்த நம்பரையெல்லாம் தமிழரசு பாத்துக்கட்டும். நீங்க தொட வேண்டாம்" என்றார்.

தமிழரசு எங்கள் குழுவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"சரிங்க" என்றேன்.

"அதான் எறக்கிட்டயில்ல, அப்பறம் ஏன் அழுகற?" என்றார் தனபால். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

ஐந்து மணிக்கு விமானம் வெளியானது. ஐந்தரைக்குப் பழக்க தோஷத்தில் கோப்பைத் திறந்தேன். படிக்க மட்டுமே அனுமதி என்று மேலே ஒரு வரி வந்தது.