கஞ்சி போட்ட குடுக்கை

"என் சர்டிபிகேட்டக் குடு நைனா. திங்கக்கெழம அம்பத்தூர்ல வேலைக்குச் சேரணும்."

கல்யாணம் ஆகிற வரைக்கும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். முடித்த வாரமே நைனா சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். பிளஸ் டூவை இரண்டு தடவை எழுதிய அண்ணன் சூர்யபிரகாஷ் கப்பல் வேலைக்குக் கடல் தாண்டிப் போனான். பொண்ணு நான் அம்பத்தூருக்குக்கூடப் போகக் கூடாது.

நைனா நிமிரவில்லை. மடியில், லீவில் வந்திருக்கும் அண்ணன் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த சுரைக்குடுக்கை. அங்கே அதில் 'மாத்தே' என்கிற கசப்பு இலையை ஊறவைத்துக் குழல் போட்டு உறிஞ்சுவார்களாம். புதுசில் அப்படியே குடிக்கக் கூடாது. ஈர இலையை ஒரு நாள் அடைத்துவைத்து, உள்சதையைச் சுரண்டி, நிழலில் காயவிட வேண்டும். காலையில் இலையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தை நைனாவிடம் சொல்லிவிட்டு, அண்ணன் மலைக்கோயிலுக்குப் போய்விட்டான்.

குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத நைனா கரண்டிக் காம்பால் சுரண்டினார். விரலை விட்டுத் தடவினார். ஊதினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் டிகிரியை அவர் உறையிலிருந்து எடுத்துக்கூடப் பார்த்ததில்லை. காய்ந்த சுரைக்காய் ஒன்றைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எரிந்தது.

சுரண்டி முடித்ததும், தறிப் பாவு நூலுக்குப் போடக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியை உள்ளே ஊற்றிச் சுழற்றினார்.

"அண்ணன் கஞ்சி சொல்லலியே."

"அவனுக்கின்னா தெரியும்? நூலே கஞ்சி குடிச்சாத்தான் நிக்குது. இது எம்மாத்திரம்?"

"நான் கேட்டது?"

"வேலையா கீறேன், பாத்துகினுதான கீற?"

அரை மணியில் எறும்பு வந்தது. சுவரிலிருந்து வரிசை கட்டிக் குடுக்கைக்குள் இறங்கியது.

"நம்ப புள்ளைக்கு முன்னாடி எறும்பு குடிச்சிட்டுப் போவுது பாருங்க," என்று அம்மா சிரித்தாள்.

நைனா சிரிக்கவில்லை. கஞ்சியைக் கொட்டி, எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதித் தள்ளி, துண்டால் துடைத்தார். வெளியே வைத்தால் மறுபடியும் ஏறும் என்று சொல்லி பீரோவைத் திறந்தார்.

தட்டில் இடமில்லை. அம்மாவின் புடவைகள், வீட்டுப் பத்திரம், என் நீல ஃபைல். ஃபைலை உருவித் தரையில் வைத்தார். அது இருந்த இடத்தில் குடுக்கையை நிறுத்தி, சாயாமல் இருக்கச் சுற்றிலும் புடவைகளை முட்டுக்கொடுத்தார். இரண்டு வருஷம் எனக்குத் திறக்காத பீரோ.

குனிந்து எடுத்துக்கொண்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். நைனாவின் முதுகைப் பார்த்தாள்.

"அந்த ஃபைல இப்டி குடும்மா, பூட்டணும்."

நைனா திரும்பவில்லை. ஒரு கை குடுக்கையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையைப் பின்பக்கம் நீட்டியிருந்தார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. தெருவில் இரண்டு பக்கமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் இறங்கி ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போது ஒரு தடவை எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். விரல்கள் விரிந்தபடி அந்தக் கை இன்னும் நீண்டே இருந்தது.