மூன்றாம் தட்டின் விதைகள்

அலுவலகத்தில் எனக்குப் பட்டாசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் வெடிப்பேன் என்று தெரியும். விதைகளை முளைக்கவைத்துச் சோதிக்கும் கூடத்தில் வேலை. ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்குகள், சீரான குளிர்ச்சி, ஈரத்தாள் விரித்த தட்டுகள். விதையிடம் கோபித்து என்ன பயன்? இருந்தாலும் மூன்றாம் தட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மற்ற தட்டுகளில் போட்ட வேகத்தில் முளைவிட்டன. மூன்றாம் தட்டு மட்டும் அசையவில்லை. அதே வகை, அதே தண்ணீர், அதே வெளிச்சம். நறுக்கிப் பார்த்தால் உள்ளே உயிர் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். இவற்றின் தாய்ச்செடிகளைக் காய்பிடிக்கும் பருவத்தில் வேண்டுமென்றே அனலில் போட்டு வாட்டியிருந்தார்கள்.

"இதுங்களுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்?" என்று மேடத்திடம் கேட்டேன். ஆய்வு அவருடையது.

"தாய் பட்ட கஷ்டம் விதையில பதிஞ்சிருக்கு. இதுங்க ஒண்ணும் படல. ஆனா இதுங்களுக்குத் தெரியும்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தத் தட்டை விட்டு நகர முடியவில்லை.

காரணம் வீட்டில் இருந்தது. என் மகளுக்கு நாலு வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, நாக்கில் குறையில்லை என்று எல்லா டாக்டர்களும் கைவிரித்துவிட்டார்கள். பிறந்த அன்றே எங்கள் கைக்கு வந்தவள். பெற்றவளைப் பற்றி நர்ஸ் சொன்னது கொஞ்சம்தான்: "புருஷன்கிட்ட அடி வாங்காத நாளே இல்லம்மா அவளுக்கு. பிரசவத்தோட போய்ச் சேர்ந்துட்டா."

அதைக் கேட்ட நாளிலேயே நானும் கணவரும் முடிவு செய்தோம், வீட்டுக்குள் குரல் உயரக் கூடாது. சண்டை வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். துணி காயப்போட்டதைவிட அங்கே நாங்கள் சண்டை போட்டதுதான் அதிகம். கீழே இறங்கும்போது இருவர் முகத்திலும் சிரிப்பு இருக்கும். மகள் ஒரு நாளும் எங்கள் கோபத்தைப் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றாம் தட்டின் மேலிருந்த எரிச்சலில் அலமாரிக் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினேன். அந்த அதிர்வில் குளிர்ப்பான் நின்றுபோனது எனக்குத் தெரியாது. விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டே இருந்திருக்கின்றன.

திங்கட்கிழமை காலையில் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. மற்ற தட்டுகளின் நாற்றெல்லாம் வெந்து சாய்ந்திருந்தது. மூன்றாம் தட்டில் ஒன்று பாக்கியில்லாமல் முளைத்திருந்தது. வெள்ளை வேர்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடி, விளக்கு படாத மூலையில் ஒண்டிக் கிடந்தன.

மேடம் என்னைத் திட்டவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம கொடுத்த குளிர்ச்சிய இதுங்க நம்பல போல. தெரிஞ்ச ஊரு வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு."

அன்று மாலை வீட்டுக்கு வந்தால், கணவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பேச்சு வராத குழந்தைகளுக்கான பள்ளியில் மகளைச் சேர்த்துவிட்டு வந்திருந்தார்.

"மாடிக்கு வா, பேசிக்கலாம்" என்றார்.

மாடிவரை எனக்குப் பொறுமையில்லை. "என் பொண்ணு பேசுவா! யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?" என்று கத்தினேன். கையிலிருந்த பாத்திரம் சுவரில் மோதி உருண்டது. அவரும் கத்தினார். இத்தனை வருடம் அடக்கிவைத்ததெல்லாம் அந்தச் சமையலறையில் கொட்டியது.

திரும்பினால் மகள் நின்றிருந்தாள். ஆனால் அவள் அழவில்லை. அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததேயில்லை. ரொம்ப நாள் பழகிய வேலையைச் செய்பவள் மாதிரி மேசைக்கு அடியில் நுழைந்து, முழங்காலை மடக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பிறகு எனக்கும் இடம் விட்டு நகர்ந்தாள்.

"அம்மா, இங்க வந்துடு."

நாலு வருடம் நான் தவம் கிடந்த குரல். திக்கல் இல்லை, திணறல் இல்லை. அழுதுகொண்டே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் இரண்டு கைகளையும் எடுத்து என் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இப்படி மூடிக்கோ. மொதல்ல இங்கதான் உதைப்பாரு."