நாற்பத்தேழாம் நம்பர் அச்சு

பல் லேப்பில் அவளுக்குக் கொடுத்திருந்தது உறை செய்கிற வேலை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் மாட்டிக்கொண்டு படுக்க, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. ஊரிலுள்ள கிளினிக்குகளிலிருந்து நோயாளிகளின் பல் அச்சுகள் டிரேயில் வரும். சுண்ணாம்பு வெள்ளையில் மேல்வரிசை, கீழ்வரிசை. பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். பிளாஸ்டிக் தகட்டைச் சூடு காட்டி, அச்சின் மேல் இறக்கி, ஆறியதும் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது செய்வாள்.

பதினோரு வருஷத்தில், அச்சைப் பார்த்ததும் ஆளைச் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். "இந்தம்மாவுக்கு மாமியார் கூடவே இருக்காங்க" என்பாள். "இவரு பரீட்சைப் பேப்பர் திருத்துற வாத்தியார்." பக்கத்து மேசைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இவள் சிரிக்கமாட்டாள். சிரிப்பு நின்று எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது. வருத்தமும் இல்லை, அதுதான் விசேஷம். எழுந்தாள், சாப்பாடு கட்டினாள், பஸ் பிடித்தாள், உறை செய்தாள், திரும்பி வந்து மறுபடி சமைத்தாள். மரத்துப்போன காலால் நடக்கிற மாதிரி நாள் நடந்தது. அக்கம்பக்கத்தில் இதற்கு வைத்திருந்த பெயர் 'எதையும் தாங்குற பொம்பள'. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்களில் ஒருத்தர்கூட ஒரு நாள் வந்து பாத்திரம் துலக்கிக் கொடுத்ததில்லை.

அன்று வியாழக்கிழமை. நாற்பத்தேழாம் நம்பர் அச்சை எடுத்தாள். கடைவாய்ப் பற்கள் மேடுபள்ளம் இல்லாமல் தேய்ந்து தரைமட்டமாகியிருந்தன. "யாரோ பாவம், ரொம்பத்தான் படுறாரு" என்று சொல்லிக்கொண்டே தகட்டை இறக்கினாள். ஆறட்டும் என்று காத்திருந்தபோதுதான் முன்பல்லைப் பார்த்தாள். ஓரத்தில் பிறை மாதிரி ஓர் உடைப்பு. கல்யாணமான புதிதில், சோடா மூடியைப் பல்லால் திறந்து காட்டுகிறேன் பேர்வழி என்று அவளுடைய வீட்டுக்காரர் உடைத்துக்கொண்ட பல் அது.

ஓரத்தைத் தேய்த்தாள், கழுவினாள், பையில் போட்டு நம்பர் ஒட்டினாள். நாற்பத்தெட்டை எடுத்தாள்.

வீட்டுக்காரர் மின்சார அலுவலகத்தில் புகார் கவுன்டரில் உட்காருகிறவர். கரண்ட் போனவர்களெல்லாம் வந்து அவர் முகத்தில்தான் கத்திவிட்டுப் போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "என்னால முடியல, விட்டுடறேன்" என்றார். "மக படிப்பு முடியட்டும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுங்க" என்றாள் இவள். எந்த வீட்டிலும் சொல்வதுதான். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். போன வருஷம், குறட்டை விடுகிறேன் என்று அவர் தலையணையோடு முன்னறைக்குப் படுக்கப் போனபோதும், தொல்லை விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினாள். ஊரார் பல்லுக்கெல்லாம் ஜாதகம் சொன்னவள் சொந்த வீட்டில் கோட்டைவிட்டாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, அவர் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"பல் டாக்டர்கிட்ட போனீங்களா?"

"உனக்குத் தெரிய வேணாம்னுதான் ஊர்க் கோடியில இருக்கிற டாக்டரா பாத்துப் போனேன்."

"அவரும் எங்க லேப்புக்குத்தான் அனுப்புறாரு."

"அப்படியா" என்றார். சட்டையின் கையை மடித்து, காலரை நீவிவிட்டார்.

"இவ்வளவு தேஞ்சு போற வரைக்கும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேலைய விட்டுடுங்க. நாளைக்கே எழுதிக் கொடுத்துடுங்க. அவ படிப்பு என் பாடு."

"விட்டுட்டு?"

"அன்னைக்குச் சொன்னீங்களே, சின்னப் பிள்ளைங்களுக்கு நீச்சல் கத்துக்கொடுக்கப் போறேன்னு. நீச்சல்குளத்துக்காரர்கிட்டகூட பேசி வச்சிருந்தீங்க."

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். வெகுநேரம் யோசித்தார்.

"நானா சொன்னேன்?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

எத்தனையோ மாதமாக வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. தான் சொன்ன ஒரு பேச்சுக்காக ஒரு மனுஷன் தன் ஆசையையே மறந்து தொலைத்திருக்கிறான் என்று நினைக்க நினைக்க, அழுகை அடங்கவில்லை. வாய்விட்டு அழுதாள்.

அவர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"பதட்டப்படாதீங்கம்மா. உங்க சிரமம் எனக்குப் புரியுது. கொஞ்சம் பொறுமையா இருங்க, பாத்துடலாம்" என்றார்.

கட்டிய நாளிலிருந்து அவளை 'நீ' என்று மட்டுமே அழைத்த மனிதர். கவுன்டரில் பேசுகிற அதே குரலில் அதைச் சொல்லிவிட்டு, அடுத்து யார் என்று அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.