சிறை வட்டாரங்கள் தெரிவித்தன

1

இந்தக் கதை ஒரு பத்திரிகைப் பக்கத்தில் ஏழு வரி குறைந்ததால் பிறந்தது. கதை பிறந்த இடத்தைப் பற்றி எழுத்தாளர்கள் அழகழகாகச் சொல்வார்கள். கனவில் வந்தது, ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் சொன்னார், மழையில் ஒரு முகம் பார்த்தேன் என்றெல்லாம். என்னுடையது, ஒரு கட்டில் கடை விளம்பரம் கடைசி நேரத்தில் அளவு சுருங்கியதால் பிறந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை.

நான் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். இருபத்திரண்டு வருடமாக வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பகல் ஒரு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போய்விட வேண்டும். அன்று பன்னிரண்டு ஐம்பதுக்கு, பக்கம் வடிவமைப்பவன் மரத்தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான்.

“அண்ணே, விஷக்கடைக்காரன் செய்தியில ஏழு வரி குறையுது. ஏதாவது போட்டுக் குடுங்க.”

“படத்தப் பெருசு பண்ணிக்கயேன்.”

“பண்ணியாச்சு. இதுக்கு மேல பண்ணா மூக்கு மட்டும்தான் தெரியும்.”

போட்டுக் கொடுத்தேன். மூன்று நிமிடம் ஆனது.

2

(முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன். ‘அந்நிய மண்ணின் சிறையில், கம்பிகளுக்குப் பின்னால், அவன் மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு’ — அதோடு நிறுத்திவிட்டேன். அந்தச் சிறையில் இருப்பது கம்பியா, கதவா என்பதே எனக்குத் தெரியாது. பழக்க தோஷம்.)

விஷக்கடைக்காரன் யார் என்று சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடை வைத்திருந்தவன். அவன் கடையில் வேலை பார்த்த இருபத்துநான்கு வயதுப் பெண், பின்னறையில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இறந்து கிடந்தாள். கழுத்தை நெரித்திருந்தார்கள். அன்றைக்கே அவன் நாட்டை விட்டு ஓடினான். பதினோரு மாதம் கழித்து வெளிநாட்டில் பிடிபட்டு அங்கேயே சிறையில் இருக்கிறான். அவனை இங்கே அனுப்புவதா வேண்டாமா என்று அந்த நாட்டு நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெண் விஷத்தால் சாகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மருந்துக் கடைக்காரன் என்பதைவிட விஷக்கடைக்காரன் என்பது தலைப்புக்கு எடுப்பாக இருந்தது. அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான் இல்லை என்று சொல்ல ஆசைதான். நான்தான் வைத்தேன்.

அவன் கொலை செய்தானா? இரண்டு வருடமாக அவனைப் பற்றி எழுதியும் இந்தக் கேள்வியை ஒரு நாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை. இப்போதும் எனக்குத் தெரியாது. செய்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது. தோன்றுவதை வைத்துத்தான் இத்தனை நாளும் சம்பளம் வாங்கினேன்.

3

அந்த ஏழு வரி இதுதான்:

‘சிறையில் அவன் மிகுந்த உற்சாகத்துடன் இருப்பதாகவும், காவலர்களுடன் சிரித்துப் பேசிச் சீட்டாடிப் பொழுதைக் கழிப்பதாகவும், நடந்ததற்காகத் துளியும் வருந்தவில்லை என்றும் சிறை வட்டாரங்கள்* தெரிவித்தன.’

[* நெருங்கிய வட்டாரங்கள், விவரமறிந்த வட்டாரங்கள், உயர்மட்ட வட்டாரங்கள் என்று பல உண்டு. எல்லாம் ஒரே வட்டாரம்தான். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஆறிப்போன ஒரு டம்ளர் டீ.]

மறுநாள் காலை ஒரு தொலைக்காட்சி அந்தச் சீட்டாட்டத்தைப் படமாகவே வரைந்து காட்டியது. அதில் அவன் கையில் மூன்று ராஜாக்கள் இருந்தார்கள். இன்னொரு பத்திரிகை சீட்டாட்டத்தைச் சூதாட்டம் ஆக்கியது. மாலைக்குள் அவன் அறையில் டிவி வந்தது, மெத்தை வந்தது, மூன்றாம் நாள் குளிர்சாதனமும் வந்துவிட்டது. முடிவெட்டும் கடையில் என் தலையைப் பிடித்திருந்தவர், தன் மச்சான் அந்த நாட்டில்தான் இருக்கிறான், நேரில் பார்த்தவர்கள் சொன்னார்களாம் என்றார். கத்தரி காதருகே இருந்ததால் நான் தலையாட்டக்கூட இல்லை.

வீட்டில் மனைவி என் தட்டில் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, அந்தப் படுபாவி அங்க சீட்டாடுறானாமே? உங்க பேப்பர்லயே வந்திருக்கு.”

“ம்.”

“எப்படித்தான் உங்களுக்குச் சாப்பாடு இறங்குதோ. எனக்கு வயிறு எரியுது.”

அவளுக்கு நிஜமாகவே எரிந்தது. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

ஒரு வாரம் கழித்து வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘சிறைவாசி சீட்டாடி மகிழ்வதாக அவரது தாய்நாட்டு ஊடகங்கள் கூறுகின்றன.’ என் ஏழு வரி கடல் கடந்து போய், குளித்து உடை மாற்றிக்கொண்டு, என் மேஜைக்கே திரும்பி வந்திருந்தது. அதை நான் தமிழாக்கினேன். ‘வெளிநாட்டு ஊடகங்களும் உறுதி செய்தன’ என்று ஒரு வரி சேர்த்தேன். இதை யாரும் கேட்கவில்லை. அன்று பக்கத்தில் வரிகூடக் குறையவில்லை.

4

இப்போது அந்தப் பெண்ணின் அம்மா வர வேண்டும். இந்தப் பாத்திரம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை.

முதல் வரைவில் தலைவிரிகோலமாக அழுதுகொண்டு வந்தார். அடித்துவிட்டேன். இரண்டாவது வரைவில் கண்ணில் தீப்பொறி பறக்க என் சட்டையைப் பிடித்தார். அப்படிப் பிடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். உண்மையில் அவர் செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு, ஒரு நெகிழி உறையை மார்போடு அணைத்தபடி, எங்கள் அலுவலக வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவருக்கு நகல் ஒப்பிடும் வேலை. பழைய பத்திரத்துக்கு யாராவது நகல் கேட்டால், ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிப்பார். இன்னொருவர் நகலில் விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டே வந்து, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சரி’ சொல்வார். அந்த ‘சரி’ இல்லாமல் நகலில் முத்திரை விழாது. முப்பது வருடமாக ‘சரி’ சொல்பவர் அவர்.

“சார், அவனோட வக்கீல் நம்ம நாட்டுப் பத்திரிகைச் செய்தி நாப்பத்தொண்ண அங்க கோர்ட்டுல குடுத்திருக்கான்,” என்றார். “மொதல்ல இருக்கறது உங்களோடது. கூடவே ஜெயில்லேந்து ஒரு சான்று. தனி அறை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வெளிய விடுவோம், சீட்டுக்கட்ட உள்ளயே விடறதில்லன்னு. இப்படி இல்லாததெல்லாம் எழுதற நாட்டுல நியாயமா விசாரிக்க மாட்டாங்க, அனுப்பாதீங்கன்னு கேக்கறான்.”

“அனுப்ப மாட்டாங்களா?”

“அனுப்பலேன்னா விசாரணையே இல்ல சார். அவன் செஞ்சானா இல்லயான்னு கோர்ட்டு சொல்லட்டும். சொல்றதுக்கு அவன் இங்க வரணும்ல.”

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

5

அவர் உறையிலிருந்து என் செய்தியின் கத்தரித்த தாளை எடுத்து மேஜையில் விரித்தார்.

“இதுக்கு மூலம் இருக்கா சார்?”

இருந்தது. செய்தி நிறுவனம் அனுப்பியதை அச்செடுத்துக் கோப்பில் வைப்பது எங்கள் வழக்கம். எடுத்து வந்தேன்.

“இது வேற மொழியில இருக்கும்மா.”

“பரவால்ல. நீங்க பாத்துத் தமிழ்ல சொல்லுங்க. நான் நகலப் பாக்கறேன்.”

படித்தேன். எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, அடுத்த விசாரணை எப்போது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் விரல் நகர்ந்தது. “சரி.” “சரி.” ஓரிடத்தில் நிறுத்தினார். “இங்க ‘வியாழன்’னு இருக்கு.” மூலத்தில் புதன். இரண்டாம் தடவை பார்த்துவிட்டு, “புதன்தாம்மா” என்றேன். பென்சிலால் குறித்துக்கொண்டார்.

பிறகு மூலம் முடிந்தது. தாளை மேஜையில் வைத்தேன்.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சுமா.”

“எனக்கு இன்னும் ஏழு வரி இருக்கே சார்.”

தாளின் பின்பக்கத்தைப் பார்ப்பதுபோலத் திருப்பினேன். அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஐம்பத்தேழு வயது ஆள், ஹோம்வொர்க் எழுதாத பையன்போல வெற்றுத்தாளைத் திருப்பிப் பார்க்கிறேன். என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

“அது நான் சேத்ததுமா. பக்கத்துல இடம் இருந்துச்சு.”

அவர் விரலை எடுக்கவில்லை. “அப்ப அவன் சிரிக்கல?”

“எனக்குத் தெரியாதுமா.”

“நாலு மாசமா அவன் சிரிக்கற சத்தம் என் காதுல கேட்டுட்டே இருக்கு சார். ஆபீஸ்ல படிக்கறப்பக்கூடக் கேக்கும். ரெண்டு தடவ தப்பா சரி சொல்லிட்டேன்.”

(இந்த இடத்தில் அவர் வாயில் நெஞ்சைக் கிழிக்கும் வசனம் ஒன்று வைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அவர் அதைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை அவர் சொன்னதாக எழுத எனக்கு இனி உரிமை இல்லை.)

“நம்ம அரசு வக்கீல்கிட்ட கேட்டேன்,” என்றார் செய்தித்தாளை உறைக்குள் வைத்துக்கொண்டே. “எழுதினவரே, என்ன வந்துச்சு, என்ன சேத்தேன், ஏன் சேத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, இது ஒரு ஆளோட தப்பு, தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கற நாடுதான்னு வாதாடலாமாம். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். நாலு வாக்கியம் போதும் சார்.”

“எழுதித் தர்றேன்மா,” என்றேன். அப்போது அது பொய் இல்லை.

6

நடந்ததைச் சொன்னபோது ஆசிரியர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“திருத்தம் போட்டா, அவனுக்கு வக்காலத்து வாங்கறோம்னு ஜனங்க நம்மளக் கிழிச்சுடுவாங்கய்யா. கடிதம் குடுக்கறது உன் இஷ்டம். குடுத்தா அடுத்த நாள் நீ இங்க இல்ல. ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கா உனக்கு?”

“ஏழு சார்.”

“பாத்துக்க.”

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதினால் கதைக்கு வசதி. ஜனங்களைப் பற்றி அவர் சொன்னது சரியாகவே இருந்தது. திங்கட்கிழமை யாரோ அந்த அம்மாவிடம் மைக்கை நீட்டினார்கள். “அவன் சீட்டாடல. தனி அறையில இருக்கான். அது பொய்ச் செய்தி,” என்றார் அவர். பத்து வினாடிப் பேச்சு. இணையத்தில் அதற்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். பெற்றவள்தானா இவள். எதற்கு விலைபோனாளோ. மகள் செத்ததில் இவளுக்கே பங்கிருக்கும்போல.

கொலைகாரன் மேல் இருந்த கோபமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆள் கிடைத்ததும் அங்கே போய் இறங்கிவிட்டது. இத்தனை நாள் மகளுக்காகக் கொதித்தவர்களும் இவர்கள்தான். என் மனைவியும் டிவியைப் பார்த்து, “இந்தம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா?” என்றாள். ரிமோட்டை வாங்கி நிறுத்தினேன். என் வீரம் அவ்வளவுதான்.

இல்லை, இன்னொன்றும் உண்டு. மறுநாள் எங்கள் பத்திரிகையின் தலைப்பு: ‘விஷக்கடைக்காரனுக்குத் தாய் ஆதரவு?’ ஆசிரியர் எழுதிக் கொடுத்தபோது அதில் கேள்விக்குறி இல்லை. அதைச் சேர்த்தவன் நான். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதற்கு எந்த மதிப்பும் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

7

முடிவுக்கு வந்தாக வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

அ. கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன். வேலை போகிறது. அவனை அனுப்புகிறார்கள். விசாரணையின் முதல் நாள், நீதிமன்ற வாசலில் அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். (தலையசைப்பு வேண்டாம். எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் பரிசு அது.)

ஆ. கையெழுத்துப் போடவில்லை. அவனை அனுப்ப மறுக்கிறார்கள். எங்கள் பத்திரிகை அந்த நாட்டு நீதிமன்றத்தை வன்மையாகக் கண்டிக்கிறது. கண்டனத்தை நான் எழுதுகிறேன்.

இ. கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் எப்படியோ அவனை அனுப்பிவிடுகிறார்கள். நான் தப்பித்தேன் என்று — இல்லை. இதை எழுதும்போது எனக்கு ஏற்பட்ட ஆசுவாசமே இதன் லட்சணத்தைச் சொல்லிவிட்டது.

இன்று வியாழன். நிஜ வியாழன், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். மதியம் பக்கம் அச்சுக்குப் போனபின் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன், பார்த்தீர்களா? பட்டப்பெயர், ஏழு வரி, திரும்பி வந்த செய்தி எல்லாம். எவ்வளவு நேர்மையான ஆள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. ஆனால் கதையை எந்த நீதிமன்றமும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. அது தெரிந்துதான் இவ்வளவு தாராளமாக ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு முந்தைய பத்தியை எழுதும்போது தொலைபேசி அடித்தது. அந்த அம்மா.

“சார், எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டே இருக்கேன்மா.”

பக்கம் பக்கமாக என் முன்னால் கிடந்தது. அது பொய் இல்லை.

“அவசரப்படாம எழுதுங்க சார். தப்பு ஏதும் வந்துடக் கூடாது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நான் வந்து வாங்கிக்கறேன். முடிஞ்சா மூலத்தையும் எடுத்து வைங்க, ஒரு தடவ ஒப்பிட்டுக்கலாம்.”

சரி என்றேன்.

பத்து மணிக்கு அவர் வருவார். அவர் கையில் நான் எதைக் கொடுத்தேன் என்பது இந்தக் கதையில் இல்லை. அந்த மருந்துக் கடைக்காரனை அனுப்பினார்களா, மறுத்தார்களா என்பது இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அதையும் பத்திரிகையில்தான் படித்திருப்பீர்கள்.