நெலம் எங்க போவுது

மாதவராஜ் ஒரு பிடி கல்லக்காயைக்கூட முளைப்புப் பார்க்காமல் விதைத்ததில்லை. கம்பைநல்லூரில் எவ்வளவு பேர்போன ஆளிடம் வாங்கி வந்தாலும் சரி, கொஞ்சம் கடலையை உரித்து ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பான். எத்தனை முளை விட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் கொல்லை நிலத்தில் டிராக்டர் இறங்கும். அப்பேர்ப்பட்ட மகராசன், தன்னை ஒரு தடவை டாக்டரிடம் காட்டிக்கொள்ள ஒன்பது வருஷம் மாட்டேன் என்று நின்றான். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல!

அவன் பெண்டாட்டி சசிகலாவுக்கு முப்பது வயதாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று தருமபுரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். ஸ்கேன் பார்த்தார், ரத்தம் எடுத்தார். "உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. முட்டையெல்லாம் நல்லா இருக்கு. அடுத்த தடவை உங்க வீட்டுக்காரரை உள்ளே கூட்டிட்டு வாங்க" என்றார். வெளியே பைக்கில் சாய்ந்து நின்றிருந்தவனிடம் அவள் இதைச் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு? எங்க வம்சத்துல வித்து பொய்ச்சதே கெடையாது" என்று எரிந்து விழுந்தான்.

அவன் அம்மா செல்லம்மாள் அவனுக்கு மேலே. "வித்து நல்லாத்தான் இருக்குது. நெலத்ததான் பக்குவம் பண்ணணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி. சித்தேரி மலையிலிருந்து வேர் வந்தது, பட்டை வந்தது. அதையெல்லாம் இடித்துக் காய்ச்சி வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள் சசிகலா. சகதியில் உரம் கொட்டுகிற மாதிரி வருஷக்கணக்கில் அவள் வயிற்றில் மருந்தைக் கொட்டினார்கள்.

"வயசு ஓடுதுங்க. ஒருக்கா வாங்க, காட்டிட்டு வந்துரலாம்" என்று அவள் கெஞ்சும்போதெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான்.

"இந்த வருசம் தக்காளி வெல படுத்துருச்சு. அடுத்த வருசம் பாக்கலாம். நெலம் எங்க போவுது?"

கேலிக்குச் சொன்னதில்லை அவன். அம்மாவும் மகனும் அதை மனசார நம்பினார்கள். தரிசு போட்டால் நிலம் கெடாது, தெம்புதான் கூடும். அது அவர்கள் கண்ணால் கண்டது. பொம்பளை உடம்பும் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள். சசிகலாவும்தான் பாவம், பாதி நம்பினாள்.

போன ஆடியில் ஒரு நாள் ஈரச் சாக்கைப் பிரித்தான். பாதிகூட முளை விடவில்லை. விற்றவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். களை வெட்ட வந்திருந்த பெண்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சசிகலாவுக்கு வாய் நிற்கவில்லை.

"கல்லக்காய்க்கு வருசா வருசம் முளைப்பு பாக்கறீங்க. உங்களுக்கு எப்பங்க பாக்கறது?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் சாக்கை வீசி எறிந்துவிட்டுப் போனான். ஆனால் அந்தச் சொல் தைத்துவிட்டது போலிருக்கிறது. குடலிறக்கம் என்று வீட்டில் புளுகிவிட்டுச் சேலத்துக்குப் போய்ச் சின்னதாக ஒரு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான். சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், கையில் அல்வாப் பொட்டலத்தோடு அடுப்படிக்கே வந்து நின்றான்.

"உன்கிட்ட மறச்சிட்டேன் புள்ள. கொறை எங்கிட்டதான் இருந்துச்சு. வெரைகிட்ட நரம்பு வீங்கி, சூட்டுல உயிரணு செத்துச் செத்துப் போச்சாம். இப்ப சரி பண்ணிட்டாங்க. ஆம்பளைக்கு அது தெனம் புதுசு புதுசா ஊறுமாம், கோடிக்கணக்குல! பழசு போனா மூணு மாசத்துல புதுசு தயாராம். இப்ப வால ஆட்டிக்கிட்டு நல்லா நீந்துதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சசிகலா அழுதாள், சிரித்தாள், அல்வாவை அவன் வாயில் ஊட்டினாள். ஒன்பது வருஷக் கசாயத்தையும் அந்த ஒரு நிமிஷத்தில் மன்னித்துவிட்டாள், பைத்தியக்காரி.

மறுவாரம் அதே டாக்டரம்மாவிடம் போனார்கள். இந்தத் தடவை அவனும் உள்ளே வந்து உட்கார்ந்தான். ஸ்கேன் பார்த்தவர் ரத்தப் பரிசோதனையும் வரட்டும் என்றார். அதுவும் வந்த பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"முட்டை ஏறக்குறைய தீந்துடுச்சும்மா."

"இவருக்கு ஊறுன மாதிரி எனக்கும் ஊறாதுங்களா?"

"ஊறாதும்மா. நீங்க உங்க அம்மா வயித்துல இருக்கும்போதே உங்க முட்டை மொத்தமும் உண்டாகிடுச்சு. அதுக்கப்புறம் புதுசா வராது. மாசம் ஒண்ணு பக்குவமாகும், கூடவே நிறைய கரைஞ்சு போகும். எல்லாருக்கும் குறையறதுதான். உங்களுக்குச் சீக்கிரமே தீந்துடுச்சு. அன்னைக்கே இவர் வந்திருந்தா..."

மாதவராஜுக்கு விளங்கவில்லை. "நெலத்துல என்னங்க டாக்டர் தீர்றதுக்கு இருக்குது?"

"யாருங்க நிலம்?" டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுவும் விதைதாங்க. உடம்புல இருக்கற செல்லுலயே பெருசு அதுதான். உங்களோடது ரொம்பச் சின்னது, பாதிப் பங்கைச் சுமந்துகிட்டு நீந்தி வரும். மீதிப் பாதி முட்டையில இருக்கு. கரு வளர ஆரம்பிக்கறப்ப அதுக்கு வேண்டிய சாப்பாடும் முட்டையிலதான் இருக்கு."

தன்னிடமும் விதை இருந்தது என்று சசிகலாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே அது இல்லை என்றும் ஆகிவிட்டது.

டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டு, "கருப்பை நல்லா இருக்கு. வேற ஒரு பெண் தானமா தர்ற முட்டையில இவரோட உயிரணுவைச் சேர்த்து உங்க வயித்துல வைக்கலாம். ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். மாதவராஜின் முகம் தெளிந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மாவிடம் சொன்னான். செல்லம்மாள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

"அப்ப ஒண்ணும் மோசம் போவல! வித்து நம்முளுது. நெலமும் வூட்டுலயே இருக்குது."

சசிகலா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எங்கிட்டயும் வித்து இருந்துச்சு அத்த" என்றாள். "எங்கம்மா வவுத்துல இருக்கும்போதே எடுத்துக்கிட்டு வந்தது. எனக்குன்னு ஒரு புள்ள, என் சாடையில ஒரு புள்ள, அதுக்குள்ளதான் இருந்துச்சு. ஆத்தாளும் மவனும் உக்காந்த எடத்துல உக்காந்துகிட்டே அத்தனையையும் தீத்துட்டீங்களே!" வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

செல்லம்மாள் மகனைப் பார்த்தாள். "என்னடா சொல்றா இவ?"

"உடும்மா. அழுது முடிச்சா சரியாயிடுவா" என்றான் மாதவராஜ். "அடுத்த மாசம் போயிக்கலாம். நெலம் எங்க போவுது?"