துரைசானி விழும் இடம்

தெருப் பெண்களைப் படத்துக்குக் கூட்டிப்போக வேனை மகேஷ்தான் பிடித்து வந்தான். அறிவழகனின் சித்தப்பா மகன் அவன். அண்ணன் இசையமைத்த படம் பெரம்பலூர் தியேட்டருக்கே வந்துவிட்டதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தியேட்டர் வாசலில் பேனர் வேறு கட்டியிருந்தான். அதில் கதாநாயகன் முகத்தைவிட அறிவழகன் முகம் பெரிதாக இருந்தது.

பேனரில் சிரித்துக்கொண்டிருந்த ஆள், விக்கிரமங்கலத்து வீட்டின் பின்பக்கம் நின்று இந்தப் பயணத்தை எப்படி நிறுத்துவது என்று தவித்துக்கொண்டிருந்தான். இதற்காகவே சென்னையிலிருந்து அடித்துப் பிடித்து வந்திருந்தான். படம் அறுவை என்று சொல்லிப் பார்த்தான். பேய்ப்படம், உனக்குப் படபடப்பு வந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தான்.

"சுடுகாட்டை ஒட்டுன கொல்லையில ஒத்தையா களை வெட்டுனவ நானு. எனக்குப் பேய் காட்டப் போறானா உங்க டைரக்டரு?" என்றாள் குஞ்சம்மாள். பெட்டியிலிருந்து நீலப் புடவையை எடுத்து உதறினாள். மகள் போனதற்குப் பிறகு அந்தப் புடவையை அவள் கட்டியதே இல்லை. அதைப் பார்த்ததும் அறிவழகனுக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது.

சொல்ல முடியாத விஷயம் இதுதான்.

அக்கா மணிமொழி ஸ்கூட்டியில் அரியலூருக்கு வேலைக்குப் போகும்போது சுண்ணாம்புக்கல் லாரி அடித்துச் செத்துப்போனாள். அன்று குஞ்சம்மாள் ஓர் ஒப்பாரி எடுத்தாள். யாரும் சொல்லித்தந்த பாட்டு அல்ல. அந்த நிமிஷத்தில் அவள் வயிற்றிலிருந்து வந்தது. மெட்டும் அவளுடையதே. பக்கத்து வீட்டு மருதாயியும் தெருப் பெண்களும் தோளில் கைபோட்டுச் சுற்றி உட்கார்ந்து கூடவே அழுதார்கள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பாரி எடுத்தால் முடிக்காமல் எழக்கூடாது. பாட்டின் கடைசி அடியில்தான் செத்தவருக்கு விடை கொடுப்பார்கள். பாதியில் விட்டால் போன உயிர் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் வாசலிலேயே நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. எடுத்தவளுக்குத் தொண்டை அடைத்துப்போனால், தோளைப் பிடித்திருப்பவள் அடியை வாங்கி முடித்துவைப்பாள். அன்று மருதாயிதான் முடித்துவைத்தாள்.

இது நடந்து சில வருஷங்கள் கழித்து, டைரக்டர் பாலாஜி அறிவழகனைக் கூப்பிட்டு ஒரு கதை சொன்னார். மலை மேல் ஒரு பழைய பங்களா. கல்யாணத்தன்று செத்துப்போன வெள்ளைக்காரத் துரைசானி, நீள கவுனும் மெழுகுவத்தியுமாக மாடிப்படியில் இறங்கி வருவாள். பார்க்கிறவனுக்குக் குலை நடுங்கும். அந்த நேரம் பார்த்துக் கவுன் தடுக்கி உருண்டு விழுவாள். பயமும் சிரிப்பும் கலந்த படம். வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோலக் கூடம் நிறைய வயலினும் செல்லோவும் வைத்து ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும் என்றார். அறிவழகனுக்கு அது முதல் படம்.

வாரக்கணக்கில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தும் ஒன்றும் தேறவில்லை. வந்ததெல்லாம் எந்த வெள்ளைக்காரனோ என்றைக்கோ போட்டு முடித்ததாகவே இருந்தது. ஒரு நாள் விரல்கள் தாமாகவே அம்மாவின் ஒப்பாரிக்குப் போயின. அங்கேயே கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மெட்டு அவ்வளவு நன்றாக இருந்தது, கலைஞன் என்று சொல்லிக்கொள்கிறவனின் புத்தி அப்படித்தான் போகும். செல்லோவில் தாழ்வாகத் தொடங்கி, வயலின்கள் ஒவ்வொன்றாகச் சேர, மெல்ல எழுதிக்கொண்டு போனான். கடைசி அடியை மட்டும் எழுதவில்லை. முடியாமல் நிற்கிற ராகம்தான் கேட்கிறவன் வயிற்றைப் பிசையும் என்பது அவன் படித்த வித்தை. தெருப் பெண்களின் நம்பிக்கை அப்போது அவனுக்கு ஞாபகம் வராமல் இல்லை. அது இதற்குப் பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை.

படத்தோடு இசையைச் சேர்க்கும் மிக்சிங்கில்தான் அவன் அதைப் பார்த்தான். ராகம் அந்தரத்தில் நிற்கிற அதே இடத்தில் துரைசானி உருள்கிறாள், கூடவே பெரிய ஊதுகுழலில் "பம்!" என்று ஒரு சத்தம். ஒரு தடவை அல்ல, படம் முழுக்க அவள் விழும்போதெல்லாம்.

"சார், நீங்க நிறுத்துன இடம் இருக்கே, அங்க விழ வச்சா தியேட்டரே அதிரும் சார்!" என்று பாலாஜி அவனைக் கட்டிப்பிடித்தார்.

வேறு மெட்டுப் போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினான். ட்ரெய்லரே வெளியே போய்விட்டது என்றார்கள். ஊரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் அந்த இசையைப் போட்டு, படியிலும் வரப்பிலும் விழுந்து விழுந்து ரீல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். குஞ்சம்மாளிடம் இருந்தது பட்டன் போன் என்பதால் அது அவளை எட்டவில்லை.

வேன் அரியலூரை நெருங்கும்போது, மகள் விழுந்த இடத்தில் குஞ்சம்மாள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மருதாயி பிரித்த முறுக்குப் பொட்டலத்தில் கைவிட்டாள்.

தியேட்டரில் விக்கிரமங்கலத்துப் பெண்களுக்கு ஒரு வரிசை முழுதாகக் கிடைத்தது. அறிவழகன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. மாடிப்படியில் மெழுகுவத்தி தெரிந்தது. செல்லோக்கள் தரையடியிலிருந்து கிளம்பின. குஞ்சம்மாளின் கை முறுக்கோடு அப்படியே நின்றது. திரும்பி மகனைப் பார்த்தாள். "பம்!" துரைசானி உருண்டாள், தியேட்டர் விசிலடித்துச் சிரித்தது.

இரண்டாவது முறை வந்தபோது மருதாயி புரிந்துகொண்டாள். குஞ்சம்மாளின் தோளில் கையைப் போட்டாள். அதற்கடுத்த முறை கை அந்த வரிசை முழுக்கப் பரவிவிட்டது. அன்று கூட உட்கார்ந்து அழுதவர்கள்தானே அவர்கள், யாருக்கு மறக்கும்? முன்னாலும் பின்னாலும் சனம் விழுந்து விழுந்து சிரிக்க, ஒரு வரிசை மட்டும் தோளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அறிவழகன் கையை மடக்கித் தன் தொடையையே குத்திக்கொண்டான். வேறென்ன செய்ய முடியும் அவனால்?

இடைவேளையில் பையன்கள் அவனைச் சூழ்ந்து செல்பி எடுத்தார்கள். "அண்ணே, துரைசானி மியூசிக் வேற லெவல்ணே!" என்றான் ஒருவன். அவர்கள் போகும்வரை குஞ்சம்மாள் சுவரோரம் காத்திருந்தாள்.

"அது புள்ளைக்கு எடுத்ததுதானே தம்பி?"

"ஆமாம்மா."

"நான் அன்னிக்கு அழுதது கேக்கறவங்களுக்கு இப்புடித்தான் இருந்துச்சா?"

"ஐயோ, இல்லம்மா. அவங்க பொம்பள விழுறதப் பாத்துச் சிரிக்கிறாங்க. உன் பாட்டுக்கு இல்ல." சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான சமாதானம் என்று அவனுக்கு உறைத்தது. "வூட்டுக்குப் போயிடலாம்மா. மகேஷ வண்டி எடுக்கச் சொல்றேன்."

"பாதில எப்புடி எந்திரிக்கறது? எத்தினி தடவ எடுக்கறாங்க, ஒரு தடவகூட முடிக்கலையே. அவ எங்க போய் நிப்பா?" அவள் மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "கடைசியிலயாச்சும் முடிச்சிருக்கியா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"முடிச்சிருக்கேம்மா."

"சரி. அப்ப இருந்து பாத்துட்டே போவோம்."

மிச்சப் படம் முழுக்க அவள் திரையைப் பார்க்கவே இல்லை, காதை மட்டும் கொடுத்திருந்தாள். துரைசானி கிணற்றில் விழுந்தாள், மாட்டு வண்டியிலிருந்து விழுந்தாள். பின்வரிசைப் பையன்கள் இப்போது தாங்களே முந்திக்கொண்டு "பம்!" என்று கத்தினார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு குத்துப்பாட்டு ஆட, பெயர்கள் ஓடின. 'இசை: அறிவழகன்' என்று வந்தபோது மகேஷ் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினான்.

விளக்குகள் எரிந்தன. சனம் கலைந்தது. கதவைச் சாத்திவிட்டு ஒருவர் முன்வரிசையிலிருந்து பெருக்கத் தொடங்கினார். விக்கிரமங்கலத்துப் பெண்கள் எழவில்லை.

"படம் முடிஞ்சிடுச்சும்மா. எந்திரிங்க, அடுத்த ஷோ ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் பெருக்கியவர்.

"இன்னும் வரலையே" என்றாள் குஞ்சம்மாள்.

அறிவழகன் கதவருகே நின்றிருந்தான். "இல்லம்மா. நான் முடிக்கல" என்றான். "எழுதவே இல்லம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் வெள்ளைத் திரையைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடி, தாழ்ந்த குரலில் எடுத்தாள்.

"சோறு வடிச்சு வச்சேன், சூடாறிப் போகுதடி,
வாசல் தொறந்து வச்சேன், வழிபாத்து நிக்கேன்டி..."

துடைப்பம் நின்றது. பெருக்கியவர் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார். வெளியே நெருக்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்கும் அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும்.

"டேய், துரைசானி மியூசிக்குடா! படம் போட்டுட்டாங்கடா!"

கதவை உள்பக்கம் தள்ளினார்கள். அறிவழகன் ஓடிப்போய் முதுகைக் கொடுத்தான். அவனுக்குப் பின்னால் கதவை ஆளாளுக்குத் தட்டினார்கள். குஞ்சம்மாள் கடைசி அடிக்கு முன்னால் மூச்சை இழுத்தாள். தொண்டை அடைத்தது. மருதாயி வாங்குவதற்காக வாயைத் திறந்தாள். சரியாக அந்த இடத்தில் வெளியே அத்தனை பேரும் ஒரே குரலில் "பம்!" என்று கத்திச் சிரித்தார்கள்.

சிரிப்பு ஓயவில்லை. மருதாயியின் வாய் அசைவது அவனுக்குத் தெரிந்தது, பிறகு அந்த வரிசை முழுக்க எல்லார் வாயும் அசைந்தது. கதவை விட்டுவிட்டுக் கிட்டப் போகவும் வழியில்லை. போயிட்டு வாடி என்று அவர்கள் அக்காவுக்கு விடை கொடுத்தது அவனுக்குக் கேட்கவே இல்லை.